அம்மா ரோட்டு கடக்கேக்க பைக் அடிச்சுட்டுது, மஞ்சக்கோட்டுல (ஆக்கள் ரோட்டைக் கடக்கிற கோடு) கடக்கேல்ல எண்டா நஷ்டஈடே கேக்க ஏலாதா?

உப்புவெளி மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுமையா வாசியுங்க, ஆரிட்ட கேக்கிறதெண்டே தெரியேல்ல.

போன மாசம் ஒருநாள் பின்னேரம் ஏழு மணி போல எங்கட அம்மா திருகோணமலை டவுனுக்கு போட்டு பஸ்ஸில வந்து நிலாவெளி ரோட்டுல அலஸ்தோட்டத்துக்கு கிட்ட இறங்கியிருக்கா. பஸ் இன்னும் எடுக்கேல்ல, அவ பஸ்ஸுக்குப் பின்பக்கத்தால சுத்தி மற்றப்பக்கம் போகேக்க ஒரு பைக் வந்து அடிச்சுட்டுது. வலது கால் முழங்காலுக்கு கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு பிளேட் வச்சிருக்கு. 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுத்து அவங்க கெதியா வந்து பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போனதாலதான் கால் தப்பினது எண்டு டொக்டர் சொன்னார். இப்ப வீட்டுல படுக்கைதான், எழும்பி நடக்க கன மாசம் எடுக்குமாம்.

அம்மா இடியப்பம் அவிச்சு ரெண்டு கடைக்கு குடுக்கிறவ. விடிய மூண்டு மணிக்கு எழும்பிற ஆள், அந்த வருமானத்துலதான் தம்பிட படிப்பு ஓடுது. இப்ப அது அப்படியே நிண்டுபோச்சு.

பைக் ஓடினது ஒரு இருபத்திரண்டு வயசுப் பொடியன். அவன் ஓடித் தப்பேல்ல, நிண்டு தூக்கவும் உதவி செய்தவன், அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனா போன கிழமை அவன்ட அத்தான் வீட்டுக்கு வந்து, முப்பதாயிரம் தாறம், இந்தக் கடிதத்துல கையெழுத்து வையுங்க எண்டார். கடிதம் முழுக்க சிங்களத்துல இருக்கு, எங்கட வீட்டுல ஆருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. நாங்க யோசிச்சு சொல்லுறம் எண்டோடன ஆள் குரலை மாத்திட்டார். "உங்கட அம்மா மஞ்சக்கோட்டுல கடக்கேல்ல, பிழை உங்கடதான், கோட்ஸுக்கு போனா ஒரு சதமும் கிடைக்காது, நாங்கதான் பைக் உடைஞ்சதுக்கு உங்களிட்ட காசு கேக்கலாம்" எண்டு சொல்லிட்டுப் போறார். பொலிஸிலயும் ரெண்டு பக்கமும் பிழை இருக்கு, கதைச்சு முடியுங்க எண்டுதான் சொல்லுறாங்க.

மஞ்சக்கோடு அந்த இடத்துல கிட்ட இல்ல, கன தூரம் தள்ளித்தான் இருக்கு. ஆனா அம்மா கோட்டுல கடக்கேல்ல எண்டது உண்மை, அதை நான் மறைக்க விரும்பேல்ல. அப்ப எங்களுக்கு உரிமையே இல்லையா? அம்மா இரவில படுத்துக்கொண்டு "என்ட பிழைதானே பிள்ளை, விடு" எண்டு அழுறா. தெரிஞ்ச ஆராவது சொல்லுங்க.

*

கோணமலையான்:

தங்கச்சி முதல்ல ஒண்டு, அந்தக் கடிதத்துல அம்மாவோ நீங்களோ கையெழுத்து வைக்க வேணாம். மிச்சம் எல்லாம் ஆறுதலா பார்க்கலாம்.

நான் லோயர் இல்ல, ஆனா ஒரு சட்டத்தரணியிட்ட கனகாலமா கிளாக்கா இருக்கிறன். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறையக் கண்டிருக்கிறன். அதுல "இந்த விபத்து சம்பந்தமா இனி எந்தக் கோரிக்கையும் எங்களுக்கு இல்ல, முழுத்தொகையும் பெற்றுக்கொண்டோம்" எண்டு ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரிக்குத்தான் முப்பதாயிரம். கையெழுத்து வச்சாப் பிறகு கால் கோணலாப் பொருந்தினாலும் இன்னொரு ஒப்பரேசன் வந்தாலும் போய்க் கேக்கிறது பெரிய கஷ்டம். அதுவும் வாசிக்கத் தெரியாத மொழியில. கிழக்கு மாகாணத்துல தமிழ் நிர்வாக மொழி, அரசியலமைப்புலயே இருக்கு, பொலிஸில அம்மாட வாக்குமூலத்தை தமிழில குடுக்கலாம், தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லி கேக்கலாம். இதைக் கேக்கிறதுக்கு பயப்பிட ஒண்டுமில்ல.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். அத்தான்காரர் சொல்லுற சட்டம் ஒருகாலத்துல கிட்டத்தட்ட உண்மை. முந்தி அடிபட்டவர்ட பக்கத்துல கவலையீனம் இருந்ததெண்டு காட்டினா வழக்கே முழுசா விழுந்துபோகக் கூடிய நிலைமைதான் இருந்தது. அதை மாத்தினது 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், பங்களிப்புக் கவனயீனம் பற்றிய சட்டச் சீர்திருத்தம். அது சொல்லுறது இதுதான்: ஒரு ஆளுக்கு வந்த பாதிப்பு ஒரு பகுதி அவர்ட பிழையாலயும் மிச்சப் பகுதி மற்றவர்ட பிழையாலயும் வந்திருந்தா, அவர்ட பிழையைக் காட்டி கோரிக்கையை தள்ளிவிட ஏலாது, அவர்ட பங்குக்கு ஏத்த மாதிரி தொகையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். உதாரணத்துக்கு அம்மாட மொத்த நஷ்டம் 10 இலட்சம் எண்டு நீதிமன்றம் கணிக்குது, அதுல அம்மாட பிழை 30 வீதம் எண்டு தீர்மானிக்குது எண்டு வைப்பம், அப்ப 7 இலட்சம் கிடைக்கும். இந்த வீதத்துக்கு அட்டவணை ஒண்டும் கிடையாது, நீதவானோ பொலிஸோ அத்தானோ சொல்லுறதும் இல்ல, மாவட்ட நீதிபதி சாட்சியைக் கேட்டுத்தான் நியாயமானது எதுவெண்டு பார்ப்பார்.

பொலிஸ்காரர் "ரெண்டு பக்கமும் பிழை" எண்டு சொன்னதை நீங்க தோல்வி மாதிரி எடுத்திருக்கிறீங்க. உண்மையில அது பொடியன்ட பக்கத்துலயும் பிழை இருக்கு எண்டுதான் சொல்லுது. அதை மனசுல வையுங்க.

இன்னொண்டு, இதுல ரெண்டு பாதை இருக்கு, ஆக்கள் எப்பவும் ரெண்டையும் ஒண்டாக் குழப்புறாங்க. பொலிஸ் போடுறது நீதவான் நீதிமன்றத்துல குற்ற வழக்கு. அதுல பொடியன் குற்றவாளி எண்டு தண்டப்பணம் கட்டினா அந்தக் காசு அரசாங்கத்துக்குத்தான் போகும், அம்மாக்கு இல்ல. 1979ஆம் ஆண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்துல 17(4)ஆம் பிரிவின் கீழ நீதவான் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கட்டச் சொல்லி கட்டளை போடலாம், ஆனா அது பொதுவா சின்னத் தொகைதான். முழு நஷ்டஈடு கேக்கிறது மாவட்ட நீதிமன்றத்துல தனியா போடுற வழக்கு. அதுக்கு காலம் ரெண்டு வருசம்தான், விபத்து நடந்த நாளிலயிருந்து. பொலிஸ் வழக்கு முடியட்டும் எண்டு காத்துக்கொண்டிருந்து ரெண்டு வருசத்தைத் தவற விட்ட ஆக்களை நான் கண்ணால கண்டிருக்கிறன், வயிறு எரியும்.

*

மூண்டாம் கட்டை ஓட்டோ:

நான் ஓட்டோ ஓடுறவன், அந்த ரோட்டுல ஒவ்வொரு நாளும் போய் வாறன். அம்மாக்கு கெதியா சுகம் வரவேணும். ஆனா ஓடுற ஆக்கள்ட பக்கத்தையும் ஒருத்தர் சொல்லத்தானே வேணும், கோவிக்காதீங்க.

பஸ்ஸால இறங்கி பஸ் நிக்கேக்கையே ரோட்டைக் கடக்கிறது இஞ்ச எல்லாரும் செய்யிற வேலை, அது பயங்கரமான வேலை. 50ல போனா ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 14 மீற்றர் போகும். ஆளைக் கண்டு மூளை சொல்லி கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு செக்கன் போயிரும், பிறகு பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் அவ்வளவு தூரம். ரெண்டையும் கூட்டினா இருபத்தஞ்சு முப்பது மீற்றர் வேணும். பஸ்ஸுக்கு பின்னாலயிருந்து திடீரெண்டு ஆள் வந்தா அவ்வளவு இடம் எங்க இருக்கு? சீசன் நேரம் அந்த ரோட்டுல வெள்ளைக்காரன்ட ஸ்கூட்டர், ஹோட்டல் வான், டவுனுக்குள்ள மானும் நடு ரோட்டுல நிக்கும், எங்களுக்கும் ரெண்டு கண்தான்.

ஆனா ஒரு கேள்வி, ஒருத்தரும் கேக்கேல்ல. பைக் எந்தப் பக்கத்தாலயிருந்து வந்தது? நிலாவெளிப் பக்கமிருந்து முன்னுக்கு வந்ததா, டவுன் பக்கமிருந்து பஸ்ஸுக்கு பின்னால வந்ததா? அதுல கதையே மாறும்.

*

உப்புவெளி மகள்:

கோணமலையான் அண்ணா, ஓட்டோ அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அம்மாக்கு அந்த 1968 சட்டத்தை வாசிச்சுக் காட்டினன். திருப்பி ஒருக்கா வாசி எண்டா.

பைக் டவுன் பக்கமிருந்துதான் வந்தது, பஸ் வந்த அதே பக்கம். நிண்ட பஸ்ஸை ஓவர்டேக் பண்ணேக்கதான் அடிச்சது. அம்மா மில்லில அரைச்ச சிவப்பு அரிசிமா ஒரு பை கொண்டு வந்தவ, அது அடிபட்ட இடத்துல உடைஞ்சு கொட்டினது. தம்பி ஓடிப்போய் பார்க்கேக்க மா கொட்டிக்கிடந்தது நடுக்கோட்டுக்கு அங்கால, ஒரு செருப்பு இன்னும் தள்ளிக் கிடந்தது. அவன் போனில படம் எடுத்து வச்சிருக்கிறான், பஸ் நிண்ட இடமும் ஒரு படத்துல விழுந்திருக்கு. அண்டைக்கு இரவே மழை பெய்து எல்லாம் கழுவிட்டுது.

*

மூண்டாம் கட்டை ஓட்டோ:

அப்படியெண்டா தங்கச்சி நான் மேல சொன்னதுல பாதி பொருந்தாது. முன்னுக்கு வாறவனுக்குத்தான் பஸ் மறைக்கும். பின்னால வாறவனுக்கு பஸ்ஸிட முதுகு முழுக்க தெரியும், அதுக்குப் பின்னால நடந்து போற ஆளும் தெரியும், பஸ்ஸிட பின் லைட் வேற எரியும். நிண்ட பஸ் எண்டா ஆக்கள் இறங்குவாங்க எண்டு ஓடுற எல்லாருக்கும் தெரியும், அதைத் தாண்டேக்க கையைக் கொஞ்சம் விடத்தான் வேணும். அதுவும் நடுக்கோட்டுக்கு அங்கால மா கொட்டியிருக்கெண்டா அம்மா அரைவாசிக்கு மேல கடந்துட்டா, அவன் எதிர்ப்பக்கத்து லேனுக்குள்ள போய் அடிச்சிருக்கிறான். 30ல வந்திருந்தா நிப்பாட்டியிருப்பான்.

அம்மாட பக்கத்துல பிழை இல்லவே இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். பஸ் போனாப் பிறகு கடந்திருக்கலாம். ஆனா முப்பதாயிரத்துக்கு முடிக்கிற விசயம் இது இல்ல. அந்தப் படங்களை வேற ஒரு போனுக்கும் அனுப்பி வையுங்க, எடுத்த போனில இருக்கிற ஒரிஜினலை அழிக்க வேணாம், அதுல திகதி நேரம் எல்லாம் இருக்கும். பக்கத்துல கடை ஹோட்டல் எதிலயாவது கெமரா இருந்தா இண்டைக்கே போய் கேளுங்க, கன இடத்துல ரெண்டு மூண்டு கிழமையில தானா அழிஞ்சிரும். பஸ் கொண்டக்டரையும் பிடியுங்க, அவர் வாசல்லதானே நிண்டிருப்பார், அவருக்குத் தெரியாம இராது.

*

கிண்ணியான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி. எங்கட சாச்சாவுக்கும் இப்படித்தான் நடந்த, கந்தளாய் ரோட்டுல வேன் அடிச்சி இடுப்பு உடைஞ்ச. அதுல நாங்க படிச்ச விசயம் ஒண்டு ரெண்டு சொல்றன்.

கவுண்மேந்து ஆஸ்பத்திரி ஃப்ரீ என்டதால பில்லு ஒண்டும் இல்ல, அப்ப என்ன நஷ்டம் என்டு கேப்பாங்க. நஷ்டம் பில்லுல மட்டும் இல்ல. சாச்சா மீன் ஏவாரம், கணக்கு கொப்பி ஒண்டும் வெச்சிருக்கல்ல, எவ்வளவு ஒழைச்ச என்டு நிரூபிக்க நாங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல. ஒங்கட உம்மாவும் இடியப்பம் குடுத்தவங்க, சம்பளச் சீட்டு இருக்காது. ரெண்டு கடைக்காரங்களிட்டயும் போய் ஒரு நாளைக்கு எத்தின இடியப்பம் எடுத்தாங்க என்ன வெலைக்கு எடுத்தாங்க என்டு எழுதி வாங்குங்க, அவங்க கோட்ஸுக்கு வந்து சாட்சி சொல்லுவாங்களா என்டும் கேளுங்க, கடிதம் மட்டும் பத்தாது. அரிசி வாங்கின கடை, மில்லு, எல்லாத்துலயும் ஒரு துண்டு இருந்தாலும் எடுத்து வெயிங்க. கிராம சேவகரும் தொழில் பத்தி கடிதம் குடுப்பார்.

கிளினிக்குக்கு ஓட்டோவுல போன காசு, உம்மாவப் பாக்க நீங்க வேலைக்கு போகாம நிண்ட நாள், வெளிய வாங்கின மருந்து, ஊண்டி நடக்கிற கம்பு, கொமட் கதிரை, எல்லாம் ஒரு கொப்பியில அண்டண்டைக்கு எழுதுங்க. நாங்க ஆறு மாசம் கழிச்சி ஞாவகத்துல இருந்து எழுதின, அவங்கட லோயர் குறுக்கு விசாரணையில அந்தக் கொப்பிய கிழிச்சி எறியாத குறை.

அடுத்த, ஆஸ்பத்திரி வாட்டுக்கோ வீட்டுக்கோ ஆளுங்க வருவாங்க, நாங்க இன்சூரன்ஸ் காசு எடுத்துத் தாறம், பாதி எங்களுக்கு, இதுல கையெழுத்து வெயிங்க என்டு. வேணாம். அந்த அத்தான்ட கடிதத்துக்கு பயப்படுற அளவுக்கு இதுக்கும் பயப்படுங்க.

*

வாட் நம்பர் ஒன்பது:

நான் நர்ஸ், வேற மாவட்டத்துல வேலை. கோணமலையான் சொல்லாம விட்டது ஒண்டு இருக்கு, மருத்துவப் பக்கம்.

அம்மாவை அட்மிட் பண்ணேக்க பொலிஸ் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவம் குடுத்திருக்க வேணும், அதை வச்சு சட்ட வைத்திய அதிகாரி பார்த்து அறிக்கை எழுதுவார். அது நடந்ததா எண்டு பாருங்க. நடக்கேல்லயெண்டா பொலிஸில கேட்டு இப்பவும் செய்விக்கலாம், காலில தழும்பும் எக்ஸ்ரேயும் இருக்குத்தானே. இது ஏன் முக்கியமெண்டா எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையில பாரிய காயம் எண்ட வகைக்குள்ள வரும், 311ஆம் பிரிவு. சின்னக் காயம் எண்டு வழக்கைப் போட்டா ஒரு மாதிரி, பாரிய காயம் எண்டு போட்டா வேற மாதிரி, தண்டனை கூட. கவலையீனமா நடந்து பாரிய காயம் ஏற்படுத்தினதுக்கு 329 எண்டு ஒரு தனிப்பிரிவே இருக்கு. பொலிஸ் எதுல வழக்கு போட்டிருக்கெண்டு கேளுங்க, கேக்கிறது உங்கட உரிமை.

டயக்னோசிஸ் காட்டை லாமினேட் பண்ண வேணாம், பின்னால டொக்டர் எழுத வேண்டி வரும். பிளேட் கழட்ட வேண்டி வருமா, எப்ப, முழங்கால் எவ்வளவு மடங்கும், நிரந்தரமா எத்தின வீதம் ஊனம், இதெல்லாம் எலும்பு டொக்டரிட்ட கேட்டு எழுத்தில எடுக்கிறது நல்லம். ஆனா உடன கேக்காதீங்க, காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்தாப் பிறகுதான் அவரால சரியாச் சொல்ல ஏலும்.

அம்மா அழுறா எண்டு எழுதியிருந்தீங்க. வாட்டுல எனக்கு இது பழக்கமான விசயம், அடிபட்ட பொம்பிளையள் எல்லாரும் முதல்ல சொல்லுறது என்ட பிழை எண்டுதான். அந்த மனநிலையில வாக்குமூலம் குடுக்க விடாதீங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்லச் சொல்லுங்க, எந்தப் பக்கம் பார்த்தா, எவ்வளவு தூரம் கடந்தா, என்ன சத்தம் கேட்டது. பிழை ஆரிடதெண்டு முடிவு சொல்லுறது அவட வேலை இல்ல.

*

டொரோண்டோ திருமலை:

நான் திருமலையில பிறந்து வளர்ந்தவன், இப்ப கனடா. இஞ்ச ஒன்ராறியோவில நடந்து போற ஆளை வாகனம் அடிச்சா, தான் கவலையீனமா ஓடேல்ல எண்டு நிரூபிக்க வேண்டியது ஓடினவர்தான். ஹைவே டிராபிக் அக்ட் 193ஆம் பிரிவு. அதோட ஆர் பிழையெண்டாலும் வைத்தியச் செலவுக்கு எண்டு இன்சூரன்ஸில ஒரு பகுதி வரும். அங்கயும் அப்படி ஏதும் இருந்தா அம்மா ஒண்டும் நிரூபிக்கத் தேவையில்லையே? யூடியூப்பிலயும் ஒரு வக்கீல் எலும்பு உடைஞ்சா ரெண்டரை இலட்சம் நிச்சயம் எண்டு தமிழில சொன்னவர்.

*

கோணமலையான்:

டொரோண்டோ அண்ணை சொல்லுறது ஒன்ராறியோவுக்கு சரி, இஞ்ச அப்படி இல்ல. இஞ்ச எங்கட சிவில் வழக்கு ரோமன் டச்சுச் சட்டத்துல வாறது, பொடியன் கவலையீனமா ஓடினான் எண்டு நிரூபிக்கிற பாரம் அம்மாட தலையிலதான். அதால தான் படமும் கொண்டக்டரும் கெமராவும் இவ்வளவு முக்கியம். யூடியூப் வக்கீல் சொன்னது இந்தியாச் சட்டம், அங்க மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்குப் பிறகு 164ஆம் பிரிவில பிழை பார்க்காம மரணத்துக்கு 5 இலட்சம், பாரிய காயத்துக்கு 2.5 இலட்சம் எண்டு இருக்கு, அதுக்கெண்டு தனித் தீர்ப்பாயமும் இருக்கு. எங்களுக்கு அந்தத் தீர்ப்பாயமும் இல்ல அந்தத் தொகையும் இல்ல, மாவட்ட நீதிமன்றம்தான். எங்கட ஆக்கள் இந்தியா வீடியோவைப் பார்த்துட்டு வந்து ஒபிஸில சண்டை பிடிக்கிறது ஒவ்வொரு மாசமும் நடக்குது. மொழி ஒண்டு, சட்டம் வேற.

இன்சூரன்ஸ் விசயம் சொல்ல வேணும், அதுதான் காசு வாற இடம். 22 வயசுப் பொடியனிட்ட வழக்கு வெண்டாலும் என்ன இருக்கப்போகுது? ஆனா ரோட்டுல ஓடுற ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம், மோட்டார் வாகனச் சட்டத்துல, 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்கம். அது வாகனக்காரனுக்காக இல்ல, அம்மா மாதிரி அடிபடுற ஆக்களுக்காகத்தான் கட்டாயமாக்கி வச்சிருக்கு. நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்தா இன்சூரன்ஸ் கம்பனி கட்ட வேணும். ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு: வழக்குப் போட முன்னம், இல்லாட்டி போட்டு ஏழு நாளைக்குள்ள கம்பனிக்கு அறிவித்தல் குடுத்திருக்க வேணும், 106ஆம் பிரிவு. அதை விட்டா தீர்ப்பு கையில இருக்கும், கம்பனி கட்டமாட்டன் எண்டும். நல்ல வழக்குகள் இந்த ஒரு கடிதத்தால விழுந்திருக்கு. அதால பொலிஸில பைக்கிட நம்பர், இன்சூரன்ஸ் கம்பனி, சான்றிதழ் நம்பர், பைக் ஆர்ட பேரில எண்டு நாலையும் எழுதி எடுங்க. பைக் அத்தான்ட பேரில இருந்தா அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுறார் எண்டு விளங்கும், ஏனெண்டா சொந்தக்காரரையும் வழக்குல சேர்க்கிற சந்தர்ப்பம் இருக்கு, அதை லோயர் பார்த்துச் சொல்லுவார்.

பைக் உடைஞ்சதுக்கு காசு கேக்கலாம் எண்டு அத்தான்காரர் சொன்னதா எழுதியிருந்தீங்க. கேக்கலாம், அதே 1968 சட்டம் அவருக்கும் பொருந்தும். ஹெட்லைட்டும் மட்காட்டும் 20,000 எண்டு வைப்பம், அம்மாட பிழை 30 வீதம் எண்டா 6,000 அம்மாட பங்கு. நேர்மையா சொல்லுறதெண்டா அது இருக்கு. ஆனா அதைச் சொல்லி ஒரு கால் உடைஞ்ச மனிசியைப் பயப்பிடுத்துறது எனக்கு கேக்கவே கோவம் வருது.

மஞ்சக்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டுல ஆள் நிண்டா வாகனம் வழி விடத்தான் வேணும், அங்க அடிச்சா ஓடினவன் தப்புறது மிச்சம் கஷ்டம். அதுக்காக கோட்டுக்கு வெளியால நடக்கிற ஆள் அடிக்கலாம் எண்டு விட்ட ஆள் இல்ல. ஓடுறவர் ரோட்டுல எங்க ஆள் நிண்டாலும் கவனமா ஓட வேணும், கோடு அந்தக் கடமையைக் கூட்டுது, கோடு இல்லாத இடத்துல கடமை இல்லாமப் போறதில்ல. இதை அத்தான்காரருக்கு விளங்கப்படுத்த நீங்க மினக்கெட வேணாம், லோயர் கடிதம் போனாத் தானா விளங்கும்.

காசு இல்லையெண்டு யோசிக்காதீங்க. சட்ட உதவி ஆணைக்குழு திருமலையிலயும் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு இலவசமா வழக்குப் பேசுவாங்க, அம்மாட நிலைமையில எடுக்கக்கூடும். அடையாள அட்டை, கிராம சேவகர் வருமானக் கடிதம் கொண்டு போங்க.

*

கிண்ணியான்:

ஒண்டு கேக்கோணும், வேற ஆருக்காவது ஒதவும். அடிச்சிட்டு ஓடிட்டா, நம்பரும் தெரியாட்டி என்ன செய்ற? எங்கட ஊருல போன வருசம் ஒரு வயசாளிக்கு அப்படி நடந்த.

*

கோணமலையான்:

நானா, அதுக்கு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையால நஷ்டஈடு குடுக்கிற ஒரு ஏற்பாடு இருக்கு, வாகனம் அடையாளம் தெரியாத விபத்துக்கு. பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் வச்சு விண்ணப்பிக்க வேணும். இஞ்ச கன பேருக்கு அப்படி ஒண்டு இருக்கெண்டே தெரியாது, அந்த வயசாளியிட குடும்பத்துக்கு கட்டாயம் சொல்லுங்க.

*

உப்புவெளி மகள்:

எல்லாத்தையும் கொப்பியில எழுதிட்டன். தம்பி இண்டைக்கு போய் ஹோட்டல் கெமரா கேட்டவன், ரோட்டுப் பக்கம் பார்க்கிற கெமரா ஒண்டு இருக்காம், மனேஜர் நாளைக்கு வரச் சொன்னவர். கொண்டக்டரையும் கண்டுபிடிச்சாச்சு. பைக் ஓவர்டேக் பண்ணேக்க தான் தட்டிக் கத்தினது எண்டு அவரே சொல்லுறார், பொலிஸில அவரிட்ட ஆரும் கேக்கேல்லயாம். திங்கக்கிழமை சட்ட உதவிக்கு போறம். அத்தான் நேற்றும் கோல் எடுத்தவர், இப்ப ஐம்பதாயிரம் எண்டுறார், லோயரோட கதையுங்க எண்டு மட்டும் சொல்லி வச்சிட்டன். கடைசியா ஒண்டு, எக்ஸ்ரே படமும் டயக்னோசிஸ் காட்டும் ஒரிஜினலை அங்க குடுக்கிறதா?

*

கோணமலையான்:

ஒரிஜினலைக் கொண்டு போய்க் காட்டுங்க, போட்டோக்கொப்பியைக் குடுங்க. கோட்ஸில பாரம் குடுக்கிற நாள் வரும் வரைக்கும் ஒரிஜினல் உங்கட வீட்டுலதான் இருக்க வேணும். கொண்டக்டரிட்ட சொல்லி பொலிஸில வாக்குமூலம் பதிவு செய்யப் பாருங்க, திங்கக்கிழமைக்கு முன்னம் செய்ய ஏலுமெண்டா இன்னும் நல்லம். பதிஞ்ச நம்பரை எழுதி வாங்க மறக்காதீங்க.